முகாம் வேலையிலிருந்து பாலினம், அமைதி, பாதுகாப்புக் கொள்கை முதுகலைக்குப் போகலாமா?

காவிரிக்கரை:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் திருச்சி. எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்து நாலரை வருடமாக ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் இருக்கிறேன். இலங்கைத் தமிழர் முகாம்களில் பெண்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது, பிறப்புச் சான்றிதழில் பெயர்ப் பிழையைத் திருத்த அலைவது, தேவைப்பட்டால் வக்கீலிடம் கூட்டிப்போவது, இதுதான் அன்றாடம். சம்பளம் 22 ஆயிரம்.

போன வருடம் ஒரு பயிற்சி வகுப்பில்தான் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1325ஆம் தீர்மானம் பற்றி முதலில் கேள்விப்பட்டேன். 2000 அக்டோபர் 31ல் நிறைவேறியது. போரைத் தடுப்பது, பேச்சுவார்த்தை, போருக்குப் பிந்தைய சீரமைப்பு எல்லாவற்றிலும் பெண்களுக்கு இடம் வேண்டும் என்று சொல்வது. அன்று ராத்திரியே உட்கார்ந்து படித்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை, 18 பத்திதான். இதையே பாடமாக வைத்து வெளிநாட்டில் முதுகலை நடத்துகிறார்கள் என்று தேடிப் பார்த்தபோது தெரிந்தது. அதிலிருந்து மனசு அங்கேயே இருக்கிறது.

படிக்கும்போது ஞாபகத்துக்கு வந்தவர் ஒரு முகாமில் இருக்கும் அக்கா. கணவர் பிரிந்துபோய் வேறு ஊரில் வேறு குடும்பம். முகாம் அட்டை கணவர் பெயரில். மாதப் பணக்கொடையில் குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு ஆளுக்கு 1,000, சின்னப் பிள்ளைகளுக்கு 500. அந்த அக்காவைத் தலைவர் என்று மாற்றி எழுத எட்டு மாதம் அலைந்தோம். "அவர் செத்துப்போயிருந்தா ஒரு நாள்ல முடிஞ்சிருக்கும்மா" என்று ஓர் அலுவலர் ஆறுதலாகவே சொன்னார். இதெல்லாம் 1325க்குள் வருமா, அல்லது அது ஜெனிவாவில் கோட்டு போட்டுக்கொண்டு பேசுகிறவர்களுக்கானதா?

எஸ்.ஓ.பி. (ஏன் படிக்க விரும்புகிறேன் என்று விண்ணப்பத்தோடு தரும் கட்டுரை) எழுதத் தொடங்கியிருக்கிறேன். "பெண்கள் பங்கேற்ற அமைதி ஒப்பந்தங்கள் 15 ஆண்டுகள் நீடிக்க 35 சதவீதம் கூடுதல் வாய்ப்பு உள்ளது" என்பது முதல் வரி. நன்றாக இருக்கிறதா?

கடன் வாங்கிப் படிக்கும் நிலையில் வீடு இல்லை. அப்பா ரோட்டரி சங்கத்தில் இருபது வருடமாக இருக்கிறார், அங்கே அமைதிப் படிப்புக்கு உதவித்தொகை உண்டாமே, அதை முயலலாம் என்று இருக்கிறேன். அம்மாவின் கேள்வி ஒன்றே ஒன்று. "ஏற்கெனவே ஒரு எம்.ஏ. இருக்கு. இன்னொண்ணு படிச்சு, அந்த 22ஆயிரம் என்னவா ஆகும்?" என்னிடம் பதில் இல்லை. உங்களில் யாராவது படித்திருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

நான் படித்ததில்லை. படித்தவர்கள் எழுதிக் கொடுக்கும் திட்ட வரைவுகளுக்கு 17 வருடமாக வரவுசெலவு போடுகிறவன்.

அம்மா கேட்டது சரியான கேள்வி. இந்தத் துறைக்குப் படியளந்த கைகள் வரிசையாக மூடிக்கொண்டிருக்கின்றன. பெண்ணிய வெளியுறவுக் கொள்கை என்று 2014ல் முதலில் அறிவித்த ஸ்வீடன் 2022ல் ஆட்சி மாறியதும் அதைக் கைவிட்டது. அமெரிக்கா 2017ல் பெண்கள், அமைதி, பாதுகாப்பு என்பதற்கென்று தனிச் சட்டமே போட்ட நாடு. 2025 ஏப்ரலில் அதன் பாதுகாப்பு அமைச்சர் தன் துறையில் அந்தத் திட்டத்தை முடித்துவிட்டதாகப் பெருமையாகவே அறிவித்தார். அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட் மூடப்பட்டதில் எனக்குத் தெரிந்து நன்றாக வேலை பார்த்த நாலு பேர் வீட்டில் இருக்கிறார்கள்.

இன்னொன்று. எல்லா விண்ணப்பத்திலும் "பாலின நோக்கு" என்று ஒரு கட்டம் இருக்கும். கடைசி நாள் ராத்திரி பதினோரு மணிக்கு யாராவது ஒரு பத்தி ஒட்டுவார்கள். கோழி வளர்ப்புத் திட்டத்துக்கும் அதே பத்தி, கண்ணிவெடி அகற்றலுக்கும் அதே பத்தி. இதற்கு ஒரு முதுகலை தேவையா?

வாவிக்கரை:

கணக்குப்பிள்ளை சொன்ன பத்தியை நானும் எழுதியிருக்கிறேன். இரவு பதினொரு மணி இல்லை, ஒன்றரை. ஆகவே கோபம் இல்லை.

தங்கச்சி, நீங்கள் காவிரிக்கரை, நான் மட்டக்களப்பு வாவிக்கரை. வயது 41. இந்தப் படிப்பை இங்கிலாந்தில் ஒரு வருடம் உதவித்தொகையில் படித்தேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதலில் ஏன் போனேன் என்பது.

2016ல் இலங்கையில் கலந்தாலோசனைச் செயலணி என்று ஒன்றை அரசு அமைத்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு என்ன அலுவலகம் வேண்டும், எப்படிப்பட்ட நீதிமன்றம் வேண்டும், இழப்பீடு எப்படி இருக்க வேண்டும் என்று சனங்களிடமே கேட்பதுதான் வேலை. அப்படியான கூட்டங்களில் குறிப்பு எழுதும் ஆளாகச் சில கிழமைகள் இருந்தேன். வந்தவர்களில் அதிகம் பெண்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சொப்பின் பை (பிளாஸ்டிக் பை). உள்ளே போட்டோப் பிரதிகள், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைச் சங்கக் கடிதம், பள்ளிக்கூடச் சீருடையில் எடுத்த படம். 90களின் ஆணைக்குழுக்கள், 2010ல் வந்த நல்லிணக்க ஆணைக்குழு, 2013ல் வந்தது, ஒவ்வொன்றுக்கும் அதே பையோடு போய் வந்தவர்கள். ஒரு அம்மா மேசையில் பையைக் கவிழ்க்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்: "இதையும் எழுதிக்கொண்டு போய் என்ன செய்யப் போறீங்க பிள்ளை?"

மொத்தம் 7,306 சமர்ப்பணங்கள் வந்தன. அறிக்கை 2017 ஜனவரி 3 அன்று கையளிக்கப்பட்டது. வாங்க ஜனாதிபதியும் வரவில்லை, பிரதமரும் வரவில்லை. முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா வாங்கிக்கொண்டார். அதற்கு அடுத்த மாதம் 20ஆம் தேதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தெருவோரத்தில் குந்தினார்கள். அந்தப் போராட்டம் வருடக்கணக்கில் நீண்டது. அந்த அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் படிக்கப் போனேன். பதில் கிடைத்ததா என்று கேட்காதீர்கள். ஆனால் கேள்வியைப் பிரித்துப் பார்க்கப் பழகினேன்.

ஒரு உதாரணம் சொல்கிறேன், இது வகுப்பில் யாரும் சொல்லித் தராதது. நான் "காணாமல் ஆக்கப்பட்டவர்கள்" என்று எழுதுகிறேன். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அலுவலகத்தின் பெயரோ "காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்". போனவர் தானாகப் போனவர். ஆக்கப்பட்டவரை யாரோ ஆக்கியிருக்க வேண்டும். அந்த ஒரு வினைச்சொல்லுக்காக அம்மாமார் அதிகாரிகளோடு மல்லுக்கட்டுவதை நேரில் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் வாசிக்கும் ஆலோசகருக்கு இரண்டும் ஒன்றுதான். உங்கள் பக்கத்திலும் இதே கதை இருக்கிறதே. 2021 வரைக்கும் "அகதிகள் முகாம்", பிறகு "மறுவாழ்வு முகாம்". பெயர் மாறியபோது எது மாறியது, எது மாறவில்லை என்று முகாமுக்குள் தினம் போய்வரும் உங்களுக்குத் தெரியும். "பாலினம்" என்று நீங்கள் எழுதுவதை நாங்கள் "பால்நிலை" என்போம். முதல் மாதத்தில் நான் இரண்டு சொல்லையும் வைத்துக்கொண்டு ஒரு குறிப்பேடு நிரப்பினேன், வெறும் மொழிபெயர்ப்பு ஆசையில். கடைசியில் ஆய்வுக்கட்டுரைக்கு உதவியது அந்தக் குறிப்பேடுதான்.

சரி, படிப்புக்கு வருகிறேன்.

முதல் பருவத்தில் தீர்மானங்களை வரிசையாக ஓதுவார்கள். 1325க்குப் பிறகு 1820, 1888, 1889 என்று போய் 2019ல் 2493 வரைக்கும் மொத்தம் பத்து. பங்கேற்பு, தடுப்பு, பாதுகாப்பு, நிவாரணமும் மீட்பும் என்று நான்கு தூண்கள். இதை ஒரு வார இறுதியில் நீங்களே வாசித்துவிடலாம். இதற்காக யாரும் கப்பலேற வேண்டாம்.

உண்மையான படிப்பு இரண்டாம் பருவத்தில், ஒவ்வொரு நாடாக எடுத்துக் கிண்டும்போது. நான் கொலம்பியாவைப் பற்றி ஒன்றும் அறியாதவள். அந்நாட்டு அரசுக்கும் ஃபார்க் கிளர்ச்சியாளர்களுக்கும் கியூபாவின் ஹவானாவில் 2012ல் பேச்சு தொடங்கியபோது தீர்மானிக்கும் மேசையில் பெண்கள் இல்லை. வெளியே பெண்கள் அமைப்புகள் விடாமல் நெருக்கின. 2013 இறுதியில் அரசுத் தரப்பில் இரண்டு பெண்கள் மேசைக்கு வந்தார்கள், 2014ல் பால்நிலைக்கு என்று துணைக்குழு ஒன்று வந்தது. அது ஒப்பந்தத்தை வரி வரியாகப் பார்த்தது, காணிப் பகுதி உட்பட. பிறகு 2016 அக்டோபர் 2ல் வாக்கெடுப்பு. 50.2 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். எதிர்த்தவர்கள் கையிலெடுத்த ஆயுதங்களில் ஒன்று, இந்த ஒப்பந்தத்துக்குள் "பால்நிலைச் சித்தாந்தம்" ஒளிந்திருக்கிறது என்பது. அதாவது பெண்கள் கஷ்டப்பட்டு உள்ளே கொண்டுவந்த சொற்களையே காட்டிச் சனங்களைப் பயமுறுத்தினார்கள். திருத்திய ஒப்பந்தம் நவம்பரில் கையெழுத்தானது. அன்று வகுப்பு முடிந்து நான் அறைக்குப் போகவில்லை. நூலகத்துக்குப் போய், எங்களுடைய பேச்சுவார்த்தையில் என்ன நடந்தது என்று தேடினேன்.

கிடைத்தது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு நடந்த பேச்சில் பால்நிலை விவகாரங்களுக்கான உபகுழு என்று ஒன்று இருந்திருக்கிறது. அரசுத் தரப்பில் ஐந்து பெண்கள், புலிகள் தரப்பில் ஐந்து பெண்கள். அங்கே பெண்ணிய ஆய்வாளர் குமாரி ஜயவர்தன, இங்கே புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுப் பொறுப்பாளர் தமிழினி. நோர்வேயிலிருந்து ஒரு பெண் அனுசரணையாளர். 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடியிருக்கிறார்கள். ஏப்ரல் 21ல் புலிகள் பேச்சிலிருந்து விலகியதும் அந்த உபகுழுவும் அத்தோடு சரி. அந்த மார்ச்சில் எனக்கு 18 வயது. உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். வடக்குக்குப் போகும் ஏ9 பாதை திறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. என் ஊரிலிருந்து ஒரு நாள் பயணத்தூரத்தில் பத்துப் பெண்கள் உட்கார்ந்து பேசியதை அறிய எனக்கு இங்கிலாந்தில் ஒரு நூலக அட்டை தேவைப்பட்டது. வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

அதோடு ஒன்று உறைத்தது. அவர்களுக்கு மேசை கொடுத்திருக்கிறார்கள், ஆனால் பக்கத்து அறையில். பிரதான மேசை சாய்ந்தால் பக்கத்து மேசையைத் தாங்க ஒரு கால்கூட இல்லை. எத்தனை பெண்கள் இருந்தார்கள் என்று எண்ணுவது சுலபம். அவர்கள் சொன்னது எந்த வாசலால் பிரதான அறைக்குப் போகும், யார் கையொப்பம் இட்டால் அது முடிவாகும், எந்தப் பணத்திலிருந்து செலவாகும் என்று கேட்கப் பழகுவதுதான் இந்தப் படிப்பு. மற்றது எல்லாம் அலங்காரம் என்பது என் கருத்து. என்னோடு படித்த பாதிப்பேர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

உங்கள் 35 சதவீதம். முதல் வரியிலிருந்து எடுத்துவிடுங்கள். இந்தத் துறையில் எல்லாருடைய ஸ்லைடிலும் அந்த எண் இருக்கிறது. அதைப் பரவலாக்கியது 1325இன் 15ஆம் ஆண்டுக்கு ஐ.நா. செய்வித்த உலகளாவிய ஆய்வு. அதற்குத் தலைமை ராதிகா குமாரசுவாமி, எங்கள் நாட்டுத் தமிழ்ப் பெண், பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றிய ஐ.நா.வின் முதல் சிறப்பு அறிக்கையாளர். ஆகவே எனக்கு அந்த எண்ணின் மேல் ஒரு ஊர்ப்பாசமே உண்டு. ஆனாலும் அது 1989 முதல் 2011 வரையான 182 ஒப்பந்தங்களை வைத்துப் போட்ட கணக்கு. பெண்களை உள்ளே விட்ட நாடுகளில் வேறு என்னென்ன நன்றாக இருந்தன, பெண்கள் வந்ததால் ஒப்பந்தம் நீடித்ததா, நீடிக்கக்கூடிய ஒப்பந்தத்தில்தான் பெண்களுக்கு இடம் கிடைத்ததா? இந்த இரண்டு கேள்வியும் இல்லாமல் அந்த எண்ணை எழுதினால் வாசிக்கும் பேராசிரியருக்குக் கொட்டாவி வரும். நான் எழுதினேன், சிவப்புப் பேனாவால் ஓரத்தில் "அப்படியா?" என்று மட்டும் போட்டுத் திருப்பித் தந்தார்கள்.

"பெண்கள் இயல்பிலேயே சமாதானமானவர்கள்" என்ற வரியும் உங்கள் எஸ்.ஓ.பி.யில் இருந்தால் அதையும் தூக்குங்கள். புலிகளின் பெண் போராளிகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். 2004 ஜூலையில் இம்பாலின் காங்லா கோட்டை வாசலில் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தை எதிர்த்து நின்ற மணிப்பூர்ப் பெண்களை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே மாநிலத்தில் 2023 ஜூனில் இதாம் கிராமத்தில் பெண்கள் திரண்டு ராணுவத்தை மறித்துப் பிடிபட்ட 12 ஆயுததாரிகளை விடுவிக்க வைத்தார்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதக்கூடியவர்தான் இந்தப் படிப்புக்குத் தேவை.

ஒரு முறைப்பாடும் இருக்கிறது. எனக்கு அமைந்த மேற்பார்வையாளர் நான் ஊருக்குப் போய்ப் பாதிக்கப்பட்ட பெண்களைப் பேட்டி எடுக்க வேண்டும் என்று நின்றார். "நீ உள்ளூர்க்காரி, உன்னிடம்தான் வாய் திறப்பார்கள்" என்றார். 12,000 சொல் கட்டுரைக்காக அந்தச் சொப்பின் பையை இன்னொரு முறை திறக்கச் சொல்ல என்னால் முடியவில்லை. மாட்டேன் என்றேன். அச்சில் வந்துவிட்ட அறிக்கையையும், காணிச் சட்டத்தையும் வைத்தே எழுதினேன். எங்கள் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935ல் வந்தது. பெர்மிட் காணிக்கு (அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த நிலத்துக்கு) உரிமைக்காரர் பின்னுரிமையாளரைக் குறிக்காமல் இறந்தால் பிள்ளைகளில் மகனுக்கே முன்னுரிமை என்று அதன் அட்டவணை சொன்னது, அண்மைக் காலத்தில்தான் திருத்தினார்கள். போரில் ஆண்கள் இல்லாமல் போன ஊரில் அந்த அட்டவணை என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். புருஷன் இறந்தாரா இல்லையா என்று அரசே சொல்லாத வீட்டில்? இறந்தார் என்று ஒப்பாமல், ஆள் இல்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்றை 2016ல் கொண்டுவந்தார்கள். அதை வாங்க மறுத்த பெண்களும் உண்டு, வாங்கி வங்கிக் கணக்கை மீட்ட பெண்களும் உண்டு. இதைத்தான் எழுதினேன். புள்ளி நடுத்தரம்தான் கிடைத்தது. பரவாயில்லை.

உங்கள் கேள்வி அந்த ராத்திரி வாசித்த 18 பத்தியில் இல்லை, தங்கச்சி. நீங்கள் மேலே எழுதிய அந்த அக்காவின் அட்டையில் இருக்கிறது. "செத்துப்போயிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும்." போரால் இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு யார் தலை என்று அரசு எப்படி முடிவு செய்கிறது? பாதுகாப்புக் கொள்கை என்பது துவக்கும் (துப்பாக்கியும்) எல்லையும் மட்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த அட்டை விளங்காது. நாட்டுக்குள் ஆயுத மோதல் எதுவும் இல்லை என்பது இந்தியாவின் நிலைப்பாடு, 1325க்குத் தேசியச் செயற்திட்டமும் அங்கே இல்லை. நேபாளத்தில் 2011ல் வந்தது, இலங்கையில் 2023க்குத்தான் வந்தது. திட்டமே இல்லாத நாட்டில் முப்பது நாற்பது வருட முகாம்கள் இருப்பது நல்ல ஆய்வுக் கேள்வி. அதை முதலில் தமிழில் எழுதிப் பாருங்கள், முகாமில் வாசித்துக் காட்டினால் விளங்கும்படி. பிறகு ஆங்கிலம்.

இடங்கள்: எல்.எஸ்.இ.யில் (லண்டன் பொருளியல் கல்லூரியில்) பாலினம், அமைதி, பாதுகாப்பு என்ற பெயரிலேயே ஒரு வருட முதுகலை உண்டு. லண்டன் செலவு கடுமை. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் அமைதிக் கல்வித் துறை 1973 முதல் இருக்கிறது, ஊரும் மலிவு. ஸ்வீடனில் உப்சாலா, எண்களோடு விளையாடப் பிடித்தால். கோஸ்டா ரிக்காவில் ஐ.நா. பொது அவை 1980ல் நிறுவிய அமைதிப் பல்கலைக்கழகத்தில் பாலினமும் அமைதிக்கட்டமைப்பும் என்று தனிப் படிப்பு நடக்கிறது, ஆங்கிலத்தில்தான். டெல்லியில் ஜாமியாவின் நெல்சன் மண்டேலா மையத்தையும் பாருங்கள், கடன் இல்லாமல் முடியும்.

பிரிட்டிஷ் அரசின் செவெனிங் உதவித்தொகைக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், உங்களுக்கு அது தாராளமாக இருக்கிறது. முடித்தபின் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். ரோட்டரியில் ஒரு சிக்கல். உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கு அந்தப் புலமைப்பரிசில் கிடையாது. அப்பாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

அம்மாவின் கேள்விக்கு: நான் இப்போது ஆறு மாத ஒப்பந்தங்களில் வாழ்கிறேன். இது மூன்றாவது. நிரந்தர வேலை கிடைக்கவில்லை. கணக்குப்பிள்ளை சொன்ன மூடல்கள் உண்மை. படிப்பில் எனக்குச் சோறு போட்டது கோட்பாட்டுப் பாடம் இல்லை, வரவுசெலவை வாசிக்கக் கற்றதுதான். ஒரு செயற்திட்டத்தில் 40 நடவடிக்கை இருக்கும். பணம் எத்தனைக்கு ஒதுக்கியிருக்கிறது என்று கேட்கும் ஆளைக் கூட்டத்தில் யாருக்கும் பிடிக்காது, ஆனால் அடுத்த கூட்டத்துக்கும் கூப்பிடுவார்கள்.

பழைய சீருடை:

நான் சி.ஆர்.பி.எஃப்.பில் இருந்து ஓய்வு பெற்றவள். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். லைபீரியாவில் ஒரு வருடம் இருந்தேன், 2011ல். ஐ.நா.வுக்காக முழுக்கப் பெண்களே கொண்ட காவல் அணியை 2007ல் முதலில் அனுப்பியது இந்தியாதான். 2016 பிப்ரவரி வரை வருடா வருடம் ஆள் மாறிப் போய்வந்தோம். தலைநகர் மன்ரோவியாவில் அதிபர் அலுவலகக் காவல், ராத்திரி ரோந்து.

வாவிக்கரை அம்மா சொன்ன 35 கதை மாதிரி எங்களுக்கும் ஒரு கதை உண்டு. நாங்கள் இருந்த ஒன்பது வருடத்தில் லைபீரியப் பாதுகாப்புத் துறையில் பெண்கள் 6 சதவீதத்திலிருந்து 17 ஆனார்கள், எங்களைப் பார்த்துத்தான் சேர்ந்தார்கள் என்று எழுதினார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஒரு பெண் காவலரிடம் நான் கேட்டபோது "சம்பளம் மாதம் தவறாது" என்றாள். இரண்டும்தான் இருக்கும்.

எங்களுக்கு ரோந்து முடிந்தபின் உள்ளூர்ப் பெண்பிள்ளைகளுக்குத் தற்காப்பும் கம்ப்யூட்டரும் சொல்லிக் கொடுக்கும் வேலையும் இருந்தது. ஆசையாகத்தான் செய்தோம். ஆனால் ஆண்கள் அணியை யாரும் அப்படிக் கேட்கவில்லை. பெண் என்றால் துப்பாக்கியும் தூக்கணும், பள்ளிக்கூடமும் நடத்தணும். இதை யாராவது ஆய்வு பண்ணினால் நல்லது.

அங்கே மீன் மார்க்கெட் பக்கத்தில் ஒரு மைதானம். 2003ல் உள்நாட்டுப் போரின்போது வெள்ளைச் சட்டை போட்ட பெண்கள் வெயிலிலும் மழையிலும் அங்கே உட்கார்ந்துதான் அப்போதைய அதிபர் சார்லஸ் டெய்லரைப் பேச்சுக்குப் போக வைத்தார்கள். அப்புறம் அக்ராவில் பேச்சு இழுத்துக்கொண்டே போனபோது, மண்டபத்து வாசலை மறித்து உட்கார்ந்து ஆண்களை வெளியே விடவில்லை. அந்த மைதானத்தை எனக்குக் காட்டியது மீன் விற்கிற ஒரு பாட்டி. "நானும் உட்கார்ந்தேன்" என்றார். நோபல் பரிசு நான் அங்கே இருந்த வருடம்தான் அந்தப் பெண்களுக்குத் தலைமை தாங்கிய லேமா போவீக்கும் அதிபர் எலன் ஜான்சன் சர்லீஃபுக்கும் ஏமனின் தவக்குல் கர்மானுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். பாட்டி அன்றைக்கும் மீன்தான் விற்றார்.

படிக்கப் போம்மா. ஆனால் யாராவது மீன் விற்கிறவரிடம் கேட்டுவிட்டு எழுது.

கணக்குப்பிள்ளை:

வாவிக்கரை அவர்களே, வரவுசெலவு வாசிக்கத் தெரிந்தவர் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு முறைத்துக்கொண்டு வந்திருக்க மாட்டேன். காவிரிக்கரைக்கு ஒரு சின்ன யோசனை. விண்ணப்பத்துக்கு முன்னால் உங்கள் நிறுவனத்தின் போன வருடத் தணிக்கை அறிக்கையைக் கேட்டு வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாசியுங்கள். "பெண்கள் மேம்பாடு" என்ற தலைப்பில் வாடகையும் டீசலும் எவ்வளவு என்று பாருங்கள். முதல் பாடம் இலவசம்.

காவிரிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. வாவிக்கரை அக்கா, உங்கள் பதிலை மூன்று தடவை படித்தேன், இரண்டாவது தடவை பஸ்ஸில், இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன்.

அப்பாவிடம் ரோட்டரி விஷயத்தைச் சொன்னேன். இருபது வருடச் சந்தாவைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அம்மா உங்கள் ஆறு மாத ஒப்பந்தத்தைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார், அது நல்ல குறியா கெட்ட குறியா தெரியவில்லை. இந்த வருடம் செவெனிங்குக்கும் ஜாமியாவுக்கும் போடுகிறேன். கோஸ்டா ரிக்காவுக்கும் எழுதிக் கேட்டிருக்கிறேன்.

முதல் வரியை மாற்றிவிட்டேன். இப்போது இப்படித் தொடங்குகிறது: "என்னோடு எட்டு மாதம் அலைந்த ஒரு பெண்ணுக்கு, கணவர் உயிரோடு இருப்பதுதான் சிக்கலாக இருந்தது." அதற்கு அடுத்து அந்த அலுவலர் சொன்னது, அப்புறம் 1,500, 1,000, 500 கணக்கு. எந்த முகாம் என்பதையும் அவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதையும் போட்டிருக்கிறேன், நம்பகமாக இருக்கட்டும் என்று. சரியா அக்கா?

வாவிக்கரை:

தொடக்கம் நன்றாக இருக்கிறது. அலுவலர் சொன்ன வாக்கியத்தை அப்படியே விடுங்கள், அவர் பதவியை எடுத்துவிடுங்கள். முகாம் பெயர், ஊர்ப் பெயர் இரண்டும் வேண்டாம். எண்கள் இருக்கட்டும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்த அக்காவிடம் கேட்டீர்களா, இதை எழுதலாமா என்று?

காவிரிக்கரை:

இல்லை அக்கா. இங்கே போடும்போதும் கேட்கவில்லை. வியாழக்கிழமை அந்த முகாமுக்குப் போகிற நாள். எஸ்.ஓ.பி.யைத் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு போகிறேன். அவர் வேண்டாம் என்றால் இந்த இழையிலிருந்தும் அந்தப் பத்தியை நீக்கச் சொல்லி மட்டுறுத்துநருக்கு எழுதுகிறேன்.